இவ்விடம் அடுப்பும் நலம்

ஹாமர், நோர்வே
மார்ச் 9

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நான், வீட்டுக்காரி, பிள்ளைகள், அடுப்பு எல்லாரும் நலம். அவ்விடம் நீங்க, அத்தை, அத்தையின் முழங்கால், ஹந்தானைக் காட்டிலிருந்து இறங்கிவந்து நம்ம வாழைக்குலையைத் தின்கிற குரங்குகள் எல்லாரும் நலமாயிருக்கக் கட்டுக்கலைப் பிள்ளையாரை வேண்டுகிறேன்.

போன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பீங்க. போன வாரம் போனில் "அடுப்பு முடிஞ்சிருச்சு மாமா" என்று நான் கத்தினேன். உங்களுக்கு "முடிஞ்சிருச்சு" மட்டும் கேட்டது. "யாரு?" என்றீங்க. பின்னால் அத்தை அழ ஆரம்பித்தார். அரை மணி நேரத்தில் கம்பளையிலிருந்து பெரியம்மா துக்கம் விசாரிக்க எடுத்துவிட்டார். எழுத்தென்றால் காது வேண்டியதில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆற அமரப் படிங்க.

முதலில் குளிரைச் சொல்லிவிடுகிறேன். இங்கே இருக்கிற தமிழர்களில் பெரும்பாலானோர் யாழ்ப்பாணத்துப் பக்கம். என்னைப் பார்த்தால், "நீங்கள் மலைநாட்டார்தானே, உங்களுக்குக் குளிர் பழக்கம்" என்பார்கள். கண்டியில் மார்கழி விடியலில் பதினெட்டுக்கு இறங்கினாலே நம்ம ஆட்கள் காதைச் சுற்றித் துவாயைக் கட்டிக்கொண்டு, உலகம் அழியப் போகிற மாதிரி இருமுவார்கள். இங்கே இந்த ஜனவரியில் ஒரு நாள் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு. மூக்குக்குள் இருக்கிற மயிர் கம்பியாகி நிற்கும். ஊருக்கு முன்னால் மியோசா என்று ஒரு ஏரி, இந்த நாட்டிலேயே பெரியது. அதில் நம்ம கண்டிக் குளத்தை எத்தனை தடவை ஊற்றினாலும் தெரியாது. அதன் கரையோரம் உறைந்து, அதன்மேல் மனுஷர் நடக்கிறார்கள். நாய் நடக்கிறது. நான் நடக்கவில்லை. கண்டிக் குளத்தில் விழுந்தவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

வீட்டைச் சூடாக்க இங்கே அதிகமும் கரண்ட்தான். நம்ம விக்டோரியா அணை மாதிரி மலைத்தண்ணீரில் எடுக்கிற கரண்ட். அது மலிவு என்று நம்பித்தான் 1920களில் கட்டின இந்த மரவீட்டை வாங்கினேன். 2021 கடைசியில் தெற்கு நோர்வே முழுவதும் விலை ஏறியது பாருங்க, பில்லைத் திறந்த என் வீட்டுக்காரி அதை டெலிபோன் நம்பர் என்று நினைத்தாள். அதற்குப் பிறகு நாலு பேரும் ஒரே அறையில் கம்பளிக்குள் முடங்கிக் கிடந்தோம். தோட்டத்துப் பழைய லயத்துக் காம்பராவில் பத்துப் பேர் படுத்த கதையைச் சொன்னால் சிரிக்கிற பிள்ளைகள், அந்த மாரிகாலம் முழுக்கச் சிரிக்கவில்லை.

அப்போதுதான் நிலவறையில் அதைக் கண்டேன்.

உருளைக்கிழங்குச் சாக்குகளுக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு ஒரு இரும்பு நின்றது. மூன்று தட்டு. ஒவ்வொரு தட்டும் தேர் மாதிரிக் கொஞ்சம் உள்வாங்கி, மேலே மேலே எழும்புகிறது. பக்கமெல்லாம் கொடியும் இலையும் வார்த்திருக்கிறது. நடுத்தட்டில் ஒரு பெண் முகம், மூக்கைத் துரு தின்றிருந்தது. சின்னவள் பார்த்துவிட்டு "இது யாரு அப்பா?" என்றாள். சூர்ப்பனகை என்றேன். இப்போதும் வீட்டில் அதுதான் பெயர்.

பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிடலாம் என்றிருந்தேன். பக்கத்து வீட்டுக் கிழவர் விடவில்லை. டார்ச் அடித்துப் பார்த்து, அடித்தகட்டில் இருந்த எழுத்தைத் தடவி, "உலேஃபோஸ்" என்றார், சாமி பெயரைச் சொல்கிற பக்தியோடு. உலேஃபோஸ் என்பது டெலிமார்க் பகுதியில் உள்ள வார்ப்புப் பட்டறை. 1657இல் தொடங்கினது. யாழ்ப்பாணத்தை ஒல்லாந்தர் பிடித்ததே அடுத்த வருஷம்தான் மாமா! கண்டியில் அப்போது இரண்டாம் ராஜசிங்கன். அந்தக் காலத்து நோர்வேப் பட்டறைகளில் அடுப்புத் தகடுகளில் பைபிள் கதைகளைப் படமாக வார்ப்பார்களாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் குளிர்காய்ந்துகொண்டே ஞானஸ்தர் ஆகலாம். என்னுடையது அவ்வளவு பழசில்லை, அதனால் கதையும் இல்லை, சூர்ப்பனகை மட்டும்.

தட்டுத்தட்டாக ஏன் கட்டினான் என்று நீங்க கேட்பீங்க என்று தெரியும். கீழ்த்தட்டில்தான் தீ. புகை நேரே சிம்னிக்கு ஓடாமல், தட்டுகளுக்குள் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. போகிற வழியெல்லாம் சூட்டை இரும்புக்குக் கொடுத்துவிட்டு, மேலே போகிறபோது கைவீசிக்கொண்டு போகிறது. நீங்க தேயிலை ஸ்டோரில் கொழுந்து காயவைக்கிற டிரையர் அடுப்பில் சொல்லித்தந்தீங்களே, தீயின் புகை குழாய்க்குள், கொழுந்துக்குப் போகிற காற்று குழாய்க்கு வெளியே, இரண்டும் முகம் பார்க்கக்கூடாது என்று, கிட்டத்தட்ட அதே சங்கதி. இங்கே கொழுந்துக்குப் பதில் நாங்கள் காய்கிறோம்.

இன்னொரு வேடிக்கை. புகை அதிகம் விடுகிற பழைய அடுப்புகளை 1998க்குப் பிறகு இந்த நாட்டில் புதிதாக மாட்ட முடியாது. ஆனால் 1940க்கு முன்னால் வார்த்ததென்றால் அது பழம்பொருள், மன்னிப்பு உண்டு. அறுபது வயது அடுப்பு குற்றவாளி, நூறு வயது அடுப்பு பெரிய மனுஷன். நம்ம ஊரில் அரசியல்வாதிகளுக்கும் இதே கணக்குத்தான்.

இருநூறு கிலோவுக்குக் குறையாது. நிலவறையிலிருந்து முன்னறைக்குப் பன்னிரண்டு படி. கிழவர் தெருவில் ஒரு வார்த்தை சொன்னார்: "டுக்னா". கூலியில்லாமல் அக்கம்பக்கம் கூடி வேலை செய்வதற்கு இங்கே அதுதான் பெயர். நம்ம சிரமதானமேதான், கடைசியில் சாப்பாடு போட வேண்டியதும் உட்பட. ஆறு பேர் வந்தார்கள். கழற்றி ஒவ்வொரு தட்டாய்த் தூக்கலாம் என்றால், போல்ட்டு ஒன்றும் அசையவில்லை. முழுசாகவே தூக்கினோம். எனக்கு லூல்கந்துர ஜேம்ஸ் டெய்லர் தொரை ஞாபகம் வந்தது. 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டு நம்ம தலையெழுத்தை எழுதினவர். 1892இல் செத்தபோது ஆள் 246 றாத்தல். மலையிலிருந்து மஹியாவ சவக்காலைக்குக் கொண்டுவரப் பன்னிரண்டு பன்னிரண்டு பேராய் இரண்டு குழு, நாலு மைலுக்கு ஒரு தரம் தோள் மாற்றித் தூக்கினார்களாம். இதை மூன்றாவது படியில் நின்று அவர்களுக்குச் சொன்னேன். எல்லாரும் ஆர்வமாய்க் கேட்டதில் ஒருத்தன் பிடியை விட்டுவிட்டான். ஒன்றும் ஆகவில்லை, படியில் மட்டும் ஒரு துண்டு இப்போது இல்லை.

இனிதான் உங்க பாகம் வருகிறது.

பன்னிரண்டு வயதில் என்னைப் பள்ளிக்கூட லீவுக்கு ஸ்டோருக்குக் கூட்டிக்கொண்டுபோய் கையில் ஸ்பேனரைத் தந்தீங்க. நான் மூன்றாம் நாள் ஓடிவிட்டேன். "கிரீஸ் ஒட்டாத வேலை பார்க்கப் போறாராம்" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தீங்க. உண்மைதான், இருபத்தைந்து வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கையைச் சுத்தமாக வைத்திருந்தேன். இப்போது தினமும் ராத்திரி உங்களுக்குப் போன் போட்டு "மாமா, போல்ட்டு சுத்த மாட்டேங்குது" என்று அழுகிறேன். நீங்க ஒரு தடவைகூட அந்தப் பழைய கதையைச் சொல்லிக்காட்டவில்லை. அத்தை நாலு தடவை சொன்னார்.

மேல்தகட்டிலிருந்து அடித்தகடு வரை நீளமாக ஓடுகிற போல்ட்டுகள்தான் தட்டுகளைக் கட்டிப்பிடித்து நிற்கின்றன. துருவில் நட்டும் போல்ட்டும் ஒரே உடம்பாகிவிட்டன. நான் சுத்தியலை ஓங்கினபோது வீடியோவில் நீங்க போட்ட சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். "காஸ்டயனை அடிச்சா ஒடையும்டா, தட்டுனா பேசும்!" மண்ணெண்ணெய் ஊற்றி மூன்று நாள், பிறகு நட்டை மட்டும் சூடாக்கு, பிறகு ஊற்று, பிறகு இறுக்குகிற பக்கம் கால் சுற்று, அப்புறம்தான் கழற்றுகிற பக்கம். இங்கே கடைக்காரன் ஊடுருவுகிற எண்ணெய் என்று சின்ன டப்பா ஒன்றை ஒரு நேரச் சாப்பாட்டுக் காசுக்கு விற்றான். அதையும் ஊற்றினேன், உங்க மண்ணெண்ணெயையும் ஊற்றினேன். நாலில் மூன்று கழன்றதற்கு அவனும் நீங்களும் உரிமை கொண்டாடலாம். உடைந்த நாலாவதை நான்தான் உடைத்தேன்.

தகடுகளைப் பிரித்து, சோக்கால் நம்பர் போட்டு, ஒவ்வொன்றையும் தொங்கவிட்டு விரலால் சுண்டிப் பார்க்கச் சொன்னீங்க. கண்டி மார்க்கெட்டில் அம்மா மண்சட்டி வாங்குகிறபோது செய்வாளே, அதே வேலை. நல்ல தகடு கோயில் மணி மாதிரி இழுத்துப் பாடியது. அடித்தகடு மட்டும் "டொக்" என்றது. கண்ணுக்குத் தெரியாத விரிசல். தீ நேரே படுகிற இடம். அதன்மேல் தீச்செங்கல் பரப்பி, தீயைத் தூக்கிவிட்டால் போதும் என்று ஐயாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து "டொக்"கைக் கேட்டே சொன்னீங்க. மற்றதற்குக் கேட்காத காது இதற்கு மட்டும் எப்படிக் கேட்டது என்று அத்தை கேட்கச் சொன்னார்.

ஒரு விஷயம் மட்டும் சிரிப்பில்லாமல். கதவைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு பழைய கயிறு இருந்தது. பிய்த்துப் போடப்போனேன். கிழவர் கையைப் பிடித்துவிட்டார். அஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், காய்ந்து பொடியானால் மூச்சுக்குள் போகும். ஈரமாக்கி, முகமூடி போட்டு, பையில் கட்டிக் கொடுத்தோம். நீங்க ஸ்டோரில் அந்த மாதிரிக் கயிறைச் சுருள் சுருளாய் வெறுங்கையால் வெட்டிப் பல்லால் பிடித்துக்கொண்டு சுற்றியதை நான் பார்த்திருக்கிறேன். பேராதனை ஆஸ்பத்திரியில் ஒரு தடவை நெஞ்சுப் படம் எடுங்க. எடுத்தேன் என்று சொல்லாதீங்க, சீட்டைப் படம் பிடித்து அனுப்புங்க.

சின்னச் சாமான்களின் துருவுக்கு நான் ஒரு மந்திரவேலை செய்தேன். பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், சலவைச் சோடா, ஒரு பக்கம் வேண்டாத இரும்பு, ஒரு பக்கம் அடுப்பின் கொண்டி, இரண்டுக்கும் கார் பேட்டரி சார்ஜர். கரண்ட் ஓட ஓடத் துரு கழன்று நுரைக்கும். அதில் ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் வெளியில் வைத்தேன். குளிரில் தொட்டி உறைந்துவிட்டது. நீங்க சொன்ன வயர் பிரஷ்ஷே கதி என்று மூன்று வாரம் தேய்த்தேன். குளியலறை வாளி, தலையணை உறை, என் காது எல்லாம் ஒரே செம்மண் நிறம்.

கறுப்புப் பூச்சுக்கு ஒரு சின்ன டப்பா வாங்கினேன். விலையைச் சொன்னால் அத்தை மயங்கிவிடுவார். திறந்தால் உள்ளே பென்சில்கரி! கிராபைட் மாமா, நம்ம கேகாலைப் பக்கம் போகலையில் தோண்டுகிறார்களே, அந்த மினிரன். ஒரு காலத்தில் இலங்கையிலிருந்து கப்பல் கப்பலாய் ஏற்றுமதியானது. இந்த டப்பாவுக்குள் இருப்பது எந்த ஊர்க் கரியோ. ஆனால் பழைய பனியன் துண்டில் தொட்டுச் சூர்ப்பனகையின் மூக்கில் தேய்த்தபோது, கண்டி ரோட்டில் மாவனெல்லைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்ட மாதிரி ஒரு சந்தோஷம்.

பூட்டிமுடித்து, இடுக்கெல்லாம் அடுப்புச்சாந்து அடைத்தபின், உங்க டார்ச் வைத்தியம். ராத்திரி விளக்கையெல்லாம் அணைத்து, அடுப்புக்குள் டார்ச்சை வைத்து மூடிச் சுற்றி வந்தேன். மூன்று இடத்தில் நட்சத்திரம் தெரிந்தது. அடைத்தேன். அத்தோடு நிற்காமல், நீங்க சொன்ன சாம்பிராணிப் பரீட்சையையும் செய்தேன். உள்ளே புகையைப் போட்டு எங்கே கசிகிறது என்று மோந்து பார்த்துக்கொண்டிருந்தால், மாடியிலிருந்து வீட்டுக்காரி தலை குளித்துவிட்டு இறங்கி வருகிறாள், வெள்ளிக்கிழமை என்று நினைத்து. அன்றைக்குச் செவ்வாய்.

அடுப்பு மாட்டினால் தகுதியுள்ள ஒருவர் சோதிக்க வேண்டும், ஊராட்சிக்கும் அறிவிக்க வேண்டும். அதோடு சிம்னியைப் பார்க்கத் தீயணைப்புப் பகுதியிலிருந்து ஆள் வருவார். அவருக்கு இங்கே பெயர் "ஃபையர்". நம்புங்க, அப்படித்தான் ஒலிக்கிறது. "காலையில் ஃபையர் வருது" என்று போனில் சொன்னபோது நீங்க ஏன் பதறினீங்க என்று அப்புறம்தான் புரிந்தது. வந்தது இருபத்தைந்து வயதுப் பெண். கறுப்பு உடுப்பு, தோளில் கம்பிச் சுருளும் குண்டும். வந்த வேகத்தில் கூரையில் நின்றாள். இறங்கிவந்து சுவருக்கும் அடுப்புக்கும் இடைவெளி அளந்தாள், தரையில் தகடு உண்டா என்று பார்த்தாள், சூர்ப்பனகையைத் தடவிக்கொடுத்து "ஃபின்" என்றாள். அழகு என்று அர்த்தம். பிறகு எனக்குத் தீ மூட்டக் கற்றுக்கொடுத்தாள். நான் யார், விறகடுப்பில் கஞ்சி காய்ச்சின பரம்பரை! ஆனால் இவர்கள் மேலேயிருந்து பற்றவைக்கிறார்கள் மாமா. பெரிய கட்டை அடியில், அதன்மேல் சின்னது, உச்சியில் சுள்ளி, சுள்ளியில் தீ. கீழே இருக்கிற கட்டை சூடாகி விடுகிற வாயு மேலே உள்ள தீயைக் கடந்துதான் போக வேண்டும், அதனால் புகையாகப் போகாமல் எரிந்தே போகிறது. அத்தையிடம் சொல்லுங்க, ஊதுகுழலே வேண்டாம். நம்ப மாட்டார்.

முதல் தீயை மட்டும் கேட்காதீங்க. சனிக்கிழமை சாயங்காலம், கிழவரையும் மனைவியையும் அழைத்திருந்தோம். தீ அருமையாகப் பிடித்தது. ஐந்து நிமிஷத்தில் புகையெல்லாம் சிம்னிக்குப் போகாமல் வீட்டுக்குள் வந்தது. மூன்று அறையிலும் புகை அலாரம் கூவியது. கிழவர் தீயணைப்பு டப்பாவோடு நிற்கிறார். நான் டம்பரைத் திருப்புகிறேன், உங்களுக்குப் போன் போடுகிறேன், நீங்க எடுக்கவில்லை, பெரஹராவில் யானை மிரண்ட மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் பார்த்தால், குசினியில் வீட்டுக்காரி மாசிச் சம்பலுக்குச் செத்தல் மிளகாய் வறுக்கிறாள், நெடி போக மேலே உறிஞ்சு விசிறி முழு வேகத்தில். காற்றே புகாமல் அடைத்த வீடு. விசிறிக்குக் காற்று வேண்டும், அது சிம்னி வழியாகக் கீழே இழுத்துக்கொண்டது, புகையையும் சேர்த்து. ஜன்னலைத் திறந்ததும் சூர்ப்பனகை சமாதானமானாள். இப்போது வீட்டில் சட்டம்: தாளிப்பு நேரத்தில் தீ மூட்டக்கூடாது. அடுப்பு பெரிசா சம்பல் பெரிசா என்ற வழக்கில் யார் ஜெயித்தது என்று உங்களுக்குத் தெரியும்.

இந்த ஜனங்கள் விறகைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால் நம்ம ஆட்கள் கிரிக்கெட் பேசுவது ஒன்றுமேயில்லை. 2013 பெப்ரவரியில் இவர்களுடைய அரசுத் தொலைக்காட்சி பன்னிரண்டு மணி நேரம் விறகைப் பற்றியே ஒளிபரப்பியது, அதில் எட்டு மணி நேரம் வெறுமனே ஒரு அடுப்பு எரிகிறது, அவ்வளவுதான். நாட்டில் ஐந்தில் ஒருவர் எட்டிப் பார்த்தார்களாம். லார்ஸ் மித்திங் என்பவர் 2011இல் விறகு பற்றி எழுதின புத்தகம் ஒன்று இதற்கெல்லாம் தூண்டுகோல். ஒளிபரப்பைப் பார்த்துவிட்டு வந்த புகார்களில் பாதி, கட்டையைப் பட்டை மேலே இருக்க அடுக்கினது தப்பு என்று. மற்ற பாதி, பட்டை கீழே இருக்க அடுக்கினது தப்பு என்று. கிழவர் பட்டை மேலே கட்சி. நான் அவர் பார்க்கிற பக்கம் மட்டும் பட்டையை மேலே வைத்திருக்கிறேன்.

தீ முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இவர்களிடம் ஒரு சொல் உண்டு, "கூஷ்லி". ஒன்றும் செய்யாமல், இதமாக, நாலு பேராய் இருப்பது. அப்பா நாற்பது வருஷம் தொரை பங்களாவுக்கு விறகு பிளந்து சுமந்தார். சிம்னிக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்துவிட்டுப் பின்கதவால் வந்துவிடுவார். அந்தத் தீ எப்படி எரியும் என்று கேட்டால், "அடுக்குறதுதான் நம்ம வேல" என்பார். இப்போது அடுக்குகிறவனும் நானே, காலை நீட்டிக்கொண்டு உட்காருகிறவனும் நானே. முதல் இரண்டு நாள், உட்கார்ந்தால் யாரோ கூப்பிடப் போகிற மாதிரியே இருந்தது.

இன்னொரு லாபம், மேல்தட்டு. அந்தக் காலத்தில் காப்பிக் கூஜா வைத்தார்களாம். எங்களுக்குத் தோசை மாவு. பத்து வருஷமாய்ப் புளிக்காமல் சிமெந்து மாதிரிக் கிடந்த மாவு, இப்போது ஒரே ராத்திரியில் பொங்கி, சூர்ப்பனகையின் முகத்தில் வழிகிறது. கிராபைட்டில் ஒட்டின மாவைத் தேய்த்து எடுக்கிறது தனி வேலை.

ஞாயிற்றுக்கிழமை சின்னவள் அடுப்பின் எழுத்தைப் பார்த்து "உலேஃபோஸ் யாரு அப்பா, சாமியா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. உங்க டிரையரில் பெரிய எழுத்தில் "சிராக்கோ" என்று வார்த்திருக்குமே, அது நம்ம பெரிய தொரையின் பெயர் என்று நான் பத்து வயது வரைக்கும் நம்பினேன். அது பாலைவனத்துச் சூடான காற்றின் பெயர், பெல்ஃபாஸ்டில் டேவிட்சன் என்பவர் 1881இல் தொடங்கின பட்டறையின் பெயர் என்பது இங்கே வந்துதான் தெரியும். லீவுக்கு வருகிறபோது அவளை ஹந்தானைத் தேயிலை மியூசியத்துக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்க. 1925இல் கட்டின ஸ்டோர்தானே அது, பழைய எந்திரங்களெல்லாம் நிற்கின்றன. அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் விளக்கம் சொல்ல வந்தால் மட்டும் குறுக்கே பேசித் திருத்தாதீங்க. போன தடவை ஜெர்மன்காரர்கள் அவர்களை விட்டுவிட்டு உங்க பின்னால் வந்துவிட்டார்கள்.

இனி உதவி. கீழ்க்கதவின் கொண்டிக்குக் குமிழ் ஒன்று காணாமல் போயிருக்கிறது. இப்போதைக்கு உடைந்த அகப்பைக் காம்பைச் செருகியிருக்கிறேன், கருகுகிறது. இங்கே கேட்டால் அந்தக் காலத்துச் சாமான் கிடைக்காது என்கிறார்கள், செய்து தருகிறவன் சொல்கிற கூலிக்கு இன்னொரு அடுப்பே வாங்கலாம். பிலிமத்தலாவையில் குத்துவிளக்கு வார்க்கிறார்களே, அவர்களிடம் பித்தளையில் ஒன்று வார்த்து வாங்குங்க. மேல்கதவின் குமிழைத் தாளில் வைத்துச் சுற்றி வரைந்து இதோடு அனுப்பியிருக்கிறேன். குறுக்களவு 42 மில்லிமீட்டர், ஓட்டை 8. மரை வெட்ட வேண்டாம், வெறும் ஓட்டை போதும். சிங்கம், அன்னம் ஒன்றும் வேண்டாம், சொல்லாவிட்டால் போட்டுவிடுவார்கள். இரண்டாய் வார்த்தால் நல்லது, ஒன்றை நான் எப்படியும் உடைப்பேன்.

ஜூலைக் கடைசியில் பெரஹரா பார்க்க இங்கேயிருந்து ஒரு தம்பி வருகிறார், அவரிடம் கொடுத்துவிடுங்க. அத்தை கருவாடும் கட்டுவார் என்று தெரியும். இரண்டையும் ஒரே பையில் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்க. போன தடவை அப்படி வந்த என் நீலச் சட்டை இன்னும் நீர்கொழும்பு மாதிரி மணக்கிறது.

இப்படிக்கு,
கிரீஸ் ஒட்டின மருமகன்